தோற்றது நாங்கள், ஆறுதல் மாஸ்டருக்கு

இன்று எங்கள் வில்லியனூர் மைதானத்தில் பாகூரோடு கால்பந்து இறுதி ஆட்டம். போன வருடம் வரை எங்களுக்குப் பயிற்சி தந்த மாஸ்டர் இப்போது பாகூர் பக்கம்.

கடைசி நிமிடம் வரை சமம். பாகூர்க்காரன் ஒரு பந்தை அடித்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து மாஸ்டர் பழைய பழக்கத்தில் கத்தினார்: "வுட்டுடு ஏழுமல, வெளிய போவுது!"

ஏழுமலை எங்கள் கோல்கீப்பர். விட்டுவிட்டான். பந்து நேராக உள்ளே போனது. அது உள்ளேதான் வரும் என்று கோணம் கணக்குப் போட என் இன்ஜினியரிங் டிப்ளமாகூடத் தேவையில்லை.

"இன்னாடா பண்ண?"

"மாஸ்டர் சொன்னாருண்ணா."

ஜெயித்த மாஸ்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் ரசிகர்கள் ஓடிப்போய்ப் பன்னீர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். "வுடுங்க மாஸ்டர், அடுத்த வருசம் பாத்துக்கலாம்!"

ஏழுமலை காதில் பஞ்சு வைத்துவிடலாம். இந்த ரசிகர்களை என்ன செய்வது? சொல்லுங்கள்.