வெண்கலம் மறுபடி பேருந்தில் ஏறினாள்

என் மருமகள் பேருந்து நடத்துநர். அவள் நிறுத்தத்தின் பெயரைச் சொன்னால் கடைசி இருக்கையில் தூங்குகிறவனும் எழுந்து பையைத் தேடுவான். டெப்போவில் அவளுக்கு வெண்கலம் என்றுதான் பெயர். அப்படிப்பட்டவளுக்கு ஒரு நாள் காலை பேச்சு நின்றுபோனது. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பாம். கை கால் தேறிவிட்டன, வார்த்தைதான் வரவில்லை. சீப்பைக் காட்டினால் தலையை வாரிக் காட்டுவாள். 'சீப்பு' என்று மட்டும் வாயில் வராது.

டெப்போ மேலாளர் நல்ல மனிதர்தான். ஆனாலும், "ஸ்டாப் பேர் சொல்ல முடிஞ்சா பஸ்ஸு. இல்லேன்னா ஸ்டோர்ல உட்கார்ந்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். டயருக்கும் கிரீஸுக்கும் நடுவிலா என் வெண்கலம்? அன்று அவள் சாப்பிடவில்லை. நானும்தான்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் அவள் தலையில் ஈரப் பஞ்சு வைத்த பட்டைகளைக் கட்டினாள். லேசாகக் கரண்ட் விடுவார்களாம். நான் சண்டைக்குப் போனேன்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும் பாட்டி, அவ்வளவுதான். மூளையில பொருளைப் புரிஞ்சுக்கிற இடம் ஒண்ணு, வார்த்தையைக் கோக்கிற இடம் ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல போக்குவரத்து குறைஞ்சிடுச்சு."

"ஓரகத்திங்க பேசிக்காத மாதிரின்னு சொல்லு."

"அதேதான்! கரண்ட் வெச்சா அவங்க பேசிக்கிறாங்களான்னு பார்க்கிறோம். எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்லமாட்டேன். கரண்ட் ஓடுறப்பவே இவங்களா வார்த்தையைத் தேடணும்."

ஒரு பூட்டின் படத்தைக் காட்டினாள். மருமகள் வாயைத் திறந்து தவித்தாள். பெற்ற வயிறு இல்லாவிட்டாலும் பொறுக்குமா? "பூட்டுடி!" என்றேன்.

"நீங்களே சொல்லிட்டா அவங்க மூளை எதுக்குத் தேடணும்?" என்று என்னை வெளியே அனுப்பிவிட்டாள். வீட்டிலும் யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று சட்டம். மருமகள் உப்பு கேட்கத் திணறுவாள், நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "அம்மா வாயை மூடினதுதான் பெரிய வைத்தியம்" என்பான் என் மகன். அதற்குச் சிரித்துக்கொண்டே ஒரு நாள் மருமகள், "உப்பு" என்றாள்.

பிறகு தலையை ஸ்கேன் எடுத்தார்கள். வார்த்தை தேடும்போது அந்த இரண்டு இடங்களும் முன்னைவிடச் சேர்ந்து வேலை செய்கின்றனவாம். கரண்ட்டாலா, பயிற்சியாலா என்று அவர்கள் ஆராயட்டும். தேடித் தேடித் தவித்தவள் என் மருமகள். அதை யாரும் மறக்க வேண்டாம்.

ஒரு நாள் மருமகளை நடத்துநராக ஏற்றிவிட்டு, சோதிக்க மேலாளரும் பேருந்தில் ஏறினார். நானும் பிடிவாதமாக ஏறினேன். தண்ணீர்த்தொட்டி நிறுத்தம் சொன்னாள், மில் வாசல் சொன்னாள். அடுத்ததற்கு உதடு மட்டும் அசைந்தது. பழகிய பயணிகள் சொல்ல வாயெடுத்தார்கள். கையை உயர்த்தி அத்தனை பேரையும் அடக்கினாள். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

"பாலத்தடி! இறங்குறவங்க முன்னால வாங்க!"

மேலாளர் எழுந்து, "நாளையிலேர்ந்து வந்துடும்மா" என்றார்.

"சரி சார். இப்ப... வழியை விடுங்க, ஆளுங்க இறங்கணும்" என்றாள்.