நந்தியின் காதில் என் மகள் சொன்னது

ஈசனை நம்பி நடக்கும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன்.

ஊரப்பாக்கத்தில் இருக்கிறோம். நான் கிண்டியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், யாழினி. இந்த வருடம்தான் தமிழ் வழிப் பள்ளியிலிருந்து மாற்றி, ஆங்கிலப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் வகுப்பில் அம்மாவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "மை மதர் கோ டு மார்க்கெட்" என்றிருக்கிறாள். 'கோஸ்' என்று வர வேண்டும். வகுப்பே சிரித்துவிட்டது. அதன்பிறகு வேனில் ஏறினாலே, "ஏய் மதர் கோ, தள்ளி உக்காரு!" என்று கேலி. முதலில் பள்ளியில் பேசுவதை நிறுத்தினாள். பிறகு வீட்டிலும் நிறுத்திவிட்டாள். தமிழிலும் ஒரு வார்த்தை கிடையாது. பசித்தால் தட்டைத் தொட்டுக் காட்டுவாள்.

தொண்டையில் குறை இல்லை என்றார் டாக்டர். வற்புறுத்தாதீர்கள், எப்போது பேசுவாள் என்று சொல்ல முடியாது என்றார். அந்த 'எப்போது' என்னைத் தின்றது. இனி பேசவே மாட்டாளோ? தினமும் ரயிலில் கண்ணை மூடி நிற்பேன். வண்டலூர் காட்டுப் பக்கம் மழைக்காற்று முகத்தில் அடிக்கும்போது, யாரோ தண்ணீருக்கு அடியிலிருந்து "அப்பா" என்று கூப்பிடுவதுபோல் இருக்கும். கண்ணைத் திறந்தால் யாரும் இல்லை.

"ஈசனே, அவள் சரியாகப் பேச வேண்டாம். தப்பும் தவறுமாகப் பேசினாலே போதும்." இவ்வளவுதான் என் வேண்டுதல்.

ஒரு பிரதோஷத்தன்று மூவரும் எங்கள் பக்கத்துச் சிவன் கோயிலுக்குப் போனோம். தூறல். நந்திக்கு அபிஷேகம் முடிந்து, பாலும் வில்வமும் கலந்த வாசனை பிராகாரம் முழுக்க மிதந்தது. விளக்கு வெளிச்சத்தில் ஈரக்கல் மூச்சு விடுவதுபோல் இருந்தது. நந்தியின் காதில் வேண்டுதல் சொல்ல வரிசை நின்றது. எங்கள் முறை வந்தது. யாழினியைத் தூக்கிப் படியில் நிற்க வைத்தேன். மற்றவர்கள் செய்ததைப் பார்த்து, நந்தியின் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, மறு காதில் வாயை வைத்தாள்.

உதடு அசைந்தது. நான் குனிந்தேன்.

"மை ஃபாதர் கோ டு ஆபீஸ். மை மதர் குக் ரைஸ். டாக் ஸ்லீப்..."

காற்றைப் போன்ற குரல். எல்லாம் தப்பு. எல்லாம் அமுதம். என் மனைவி கல்பனா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

யாழினி நிறுத்தவில்லை. பின்னால் நின்ற பூக்கார அக்கா பொறுமை இழந்தார். "இன்னா சார், பாப்பா நந்திகிட்ட முழுக் கதையும் சொல்லிகினு கீது! நாங்கல்லாம் வூட்டுக்குப் போவ வேணாமா?"

"ஒரு நிமிஷம்க்கா, பேசட்டும்" என்றாள் கல்பனா, அழுதுகொண்டே.

யாழினி திரும்பினாள்.

"அப்பா, இன்னும் முடியல. இவரு சிரிக்கவே மாட்டேங்கறாரு."

அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பூக்கார அக்கா என்ன புரிந்துகொண்டாரோ தெரியவில்லை. "நீ சொல்லு கண்ணு, நான் நிக்கறேன்" என்றார்.

இதை அவளுடைய ஆசிரியையிடம் சொன்னோம். இப்போது அந்த வகுப்பில் புது வழக்கம். பிள்ளைகள் எந்த வாக்கியத்தையும் முதலில் பக்கத்துப் பிள்ளையின் காதில் சொல்லிப் பார்க்கிறார்கள். கேட்கும் பிள்ளை சிரிக்கக் கூடாது. ஹீ என்றால் கோஸ், தே என்றால் கோ; காதிலேயே திருத்திக்கொண்ட பிறகுதான் சத்தமாகச் சொல்கிறார்கள். யாழினிக்குப் பாதி நாள் சரியாக வருகிறது. மீதி நாள் மறந்துபோகிறது. மறக்கட்டும்.

நான் மாறிவிட்டேன். அவள் மதிப்பெண்ணைக் கேட்பதில்லை. அவள் பேசுவதைக் கேட்கிறேன். வீடு கொஞ்சம் அமைதியானாலும் இன்றும் உடனே எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

உங்கள் பிள்ளையும் வாய் மூடிக் கிடக்கிறதா? அடுத்த பிரதோஷத்துக்குக் கூட்டி வாருங்கள். ஈசன் பிழை பார்ப்பவன் இல்லை. எங்கள் வரிசையில் நில்லுங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் நாங்கள் பின்னால் காத்திருப்போம்.