கேத்தரின் உட்காரும் பக்கம்

படகில் குடித்தனம் வைத்த முதல் வாரம் டெரிக்குக்குத் தோசை வட்டமாக வரவில்லை. கல்லில் ஊற்றிய மாவு, யாரோ கூப்பிட்டது போல ஒரு பக்கமாகவே ஓடியது. ஓர் ஓரம் கருகிக் காகிதமாயிற்று, மறு ஓரம் தடித்து வேகாமல் கிடந்தது. கல்லைத் திருப்பி வைத்துப் பார்த்தார். அடுப்புக்கு அடியில் அட்டையைச் சொருகிப் பார்த்தார். அப்புறம்தான் உறைத்தது, கோணல் அடுப்பில் இல்லை, படகில்தான் என்று. அரிசி டின், கருவிப் பெட்டி, பாத்திர மூட்டை எல்லாவற்றையும் வீட்டில் வைப்பது போல ஒரே ஓரமாக அடுக்கியிருந்தார். படகு அந்தப் பக்கம் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

அல்சூர் ஏரியில் ஆகாயத்தாமரை அள்ளுவதற்காகக் காண்ட்ராக்டர் கோவிந்தப்பா வாங்கிப் போட்ட பழைய இரும்புப் படகு அது. தட்டையான அடி, தகரக் கூரை, இரண்டு பக்கமும் நீளமான பலகை இருக்கை, நடுவில் ஓர் ஆள் நடக்கிற சந்து. வேலை வேறு ஆளின் கைக்குப் போனதும் படகைக் கரையோரம் கட்டிப் போட்டுவிட்டார்கள். டெரிக் அதை ஓட்டிக்கொண்டிருந்தவர். அதற்கு முன்னால் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றி ஏரியை ஒரு வட்டம் காட்டியவர். அதற்கும் முன்னால் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். ஜோகுபாளையத்திலேயே பிறந்து, அங்கேயே கேத்தரினைக் கல்யாணம் செய்து, கல்யாணமான நாளிலிருந்து ஒரே வாடகை வீட்டில் இருந்தவர். பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் இறந்ததும் அவர் மகன்கள் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். இந்த வயதில், நிரந்தர வேலை இல்லாத ஆளுக்கு, பெங்களூரில் யார் வீடு கொடுப்பார்கள்?

கோவிந்தப்பாதான் கன்னடம் கலந்த தமிழில் வழி சொன்னார். "படகு சும்னே கட்டிக் கிடக்குது டெரிக். நீ இரு. எனக்கு இன்ஜினுக்குக் காவல் ஆச்சு, உனக்கு வீடு ஆச்சு. ஒண்ணே ஒண்ணு, ராத்திரி அதை வுட்டு நகரக் கூடாது."

கேத்தரினை அழைத்துவந்து காட்டினார். அவள் ஏறவில்லை. கரையில் நின்றபடியே கூரையிலிருந்து நங்கூரக் கயிறு வரை பார்த்தாள்.

"இதுல நான் எங்கயா உக்காருவேன்?"

அத்திபெலேயில் தங்கை சோஃபியா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துகொள்வதாக அவளே சொன்னாள். பஸ் ஏறும்போது ஜன்னல் வழியாகக் குனிந்து, "எனக்குன்னு ஒரு இடம் பண்ணு. பண்ணிட்டுக் கூப்பிடு, வரேன்" என்றாள்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் டெரிக் மழைக்காலத்தைக் கடத்தினார். கட்டிலும் பீரோவும் சிவாஜிநகர் பழைய சாமான் கடைக்குப் போயின. மிச்சத்தைக் கரையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிக் கனம் பார்த்தார். கனமானது அடியில், நடுவில். லேசானது மேலே. இருக்கைப் பலகையை அறுத்துக் கீல் வைத்து மூடி ஆக்கினார். இரண்டு பக்கமும் இருக்கைக்கு அடியில் பெட்டிகள் உண்டாயின. கூரைக்கு அடியில் மீன்வலைத் துண்டைக் கட்டி வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் தொங்கவிட்டார். பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, இடையில் பழைய துணியைச் செருகினார். இல்லாவிட்டால் காற்றடிக்கும்போதெல்லாம் அவை சண்டை போட்டன. கல்யாண ஆல்பத்தை பாலித்தீன் உறையில் சுற்றி இன்ஜினுக்குப் பக்கத்தில், காய்ந்த இடத்தில் வைத்தார். புதிதாக ஒரு சாமான் வாங்கினால் பழசு ஒன்றைக் கரைக்கு அனுப்பிவிடுவார்.

வலது இருக்கை அவருக்கு. இடது இருக்கை முழுவதும் கேத்தரினுக்கு. அதற்கு அடியில் இருந்த பெட்டியைக் காலியாகவே வைத்தார். உள்ளே சுண்ணாம்பு அடித்து, கெட்டி அட்டை விரித்து, பூச்சி உருண்டை போட்டார். அவள் கைப்பைக்கு ஒரு கொக்கி, ஜெபப் புத்தகத்துக்கு ஒரு சின்னத் தட்டு. அவருடைய சட்டைகள் ஈரத்தில் பூசணம் பூத்தபோதும் ஒன்றைக்கூட அந்தப் பெட்டியில் வைக்கவில்லை.

ஆனால் அவள் இல்லாமல் இடது பக்கம் எழும்பி நின்றது. கூரைக் கம்பியில் சணல் கயிறு கட்டி, அதன் நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டார். அதற்கு நேர் கீழே, சந்தின் குறுக்கே போட்ட பலகையில் சாக்கட்டியால் ஒரு கோடு. அவர் தன் இருக்கையில் உட்கார்ந்தால் நட்டு அவர் பக்கம் ஒதுங்கியது. கேத்தரினின் எடை அவருக்குத் தெரியும். ஒரு தடவை கன்டோன்மென்ட் ஸ்டேஷனில், காசு போட்டால் அட்டை தள்ளுகிற மிஷினில் அவளை ஏற்றிவிட்டிருந்தார். எழுபது என்று வந்த அட்டையை அவர் உரக்கப் படித்ததும் பிடுங்கிக் கிழித்துப் போட்டு, மைசூர் போய்ச் சேரும் வரை அவள் பேசவே இல்லை. அந்த எழுபதுக்குத் தண்ணீர் பிடித்தார். குடிதண்ணீர் கேன் பெரியது மூன்று, சின்னது ஒன்று. அவள் உட்கார வேண்டிய இடத்தில் அவற்றை வரிசையாக உட்கார்த்தினார். நட்டு கோட்டில் வந்து நின்றது. அன்றைக்குத் தோசை வட்டமாக வந்தது.

போனில் அவள் குரல் ஒட்டாமலே இருந்தது. "இடம் ஆச்சா?" என்பாள். ஆகிக்கொண்டிருக்கிறது என்றால், அவசரமில்லை, நிதானமாகச் செய் என்பாள். அத்திபெலேக்கு வரட்டுமா என்று கேட்டால், சோஃபியாவின் மாமியார் வந்திருக்கிறார், இப்போது வேண்டாம் என்பாள். அவருக்கும் அது ஒரு வகையில் நிம்மதிதான். வீடில்லாதவனாக மச்சினி புருஷன் முன்னால் எந்த முகத்தோடு போய் உட்காருவது? ஆனாலும் இரவில் படுத்தால் ஒரே நினைப்பு. இவள் வரப்போவதில்லை. இடம் பண்ணு என்றது தன்னைத் தட்டிக் கழிக்கச் சொன்னது. நினைப்பு முற்றினால் எழுந்து, ஏற்கெனவே அடுக்கியதை மறுபடி அடுக்குவார்.

மழை நின்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிகிற நேரத்தில், அவளே ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஸ்வெட்டருக்கு மேல் சால்வை. கன்னம் ஒடுங்கியிருந்தது. சோஃபியாவின் சமையல் அப்படி என்று அவர் சொன்னார். அவள் சிரித்தாள். கையைப் பிடித்துப் பலகை வழியாக ஏற்றியபோது அவள் விரல்கள் ஜில்லென்றிருந்தன.

"இரு இரு, உன் சீட்டுல ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கேன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கரையில் வைத்தார். எதற்கு அது என்று கேட்டாள். விளக்கினார்.

"மூணு கேனா நானு? உனக்கு வெக்கமா இல்ல?"

"மூணரை."

அவள் உட்கார்ந்தாள். டெரிக் எதிரே உட்கார்ந்து, பரீட்சை பேப்பரை நீட்டுகிற பிள்ளை மாதிரி நட்டைக் கைகாட்டினார். நட்டு ஆடி ஆடி அடங்கி, கோட்டைத் தாண்டி அவர் பக்கத்தில் நின்றது.

தான் தடித்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். பாதிச் சிரிப்பில் கை இடுப்புக்குப் போயிற்று. பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டது போன மாதம்தான். கருவிப் பெட்டி நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். நகரவில்லை. எழுந்து போய்ச் சின்ன கேனைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். திரும்ப வந்து உட்கார்ந்தார். நட்டு கொஞ்சம் வந்தது, கோட்டுக்கு வரவில்லை. கேத்தரின் வெளியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெருசை எடுத்து வையா" என்றாள், திரும்பாமலே.

சின்னதை இறக்கிவிட்டுப் பெரிய கேனை வைத்தார். உட்கார்ந்தார். நட்டு கோட்டின் மேல் வந்து அசையாமல் நின்றது. ஒரு கேன் தண்ணீர் அளவுக்குக் கேத்தரினைக் காணவில்லை.

அப்புறம் அவள் சால்வையை எடுத்துவிட்டாள். ஸ்வெட்டர் சோஃபியாவின் மகளுடையது. அதுவே தொளதொளவென்றிருந்தது. வயிற்றில் கட்டி என்றாள். வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டதாம், மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்கிறார்களாம். ஜோகுபாளையம் வீட்டில் இருந்தபோதே சாப்பாடு இறங்காமல்தான் இருந்தது, வீடு போகிற கவலையில் அவர் கவனிக்கவில்லை. சோஃபியாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

"ஏன் கேத்தி சொல்லல?"

"சொன்னா இதை வுட்டுட்டு ஓடி வருவ. கோவிந்தப்பா வேற ஆளைப் போட்டுடுவாரு. அப்புறம் நீ எங்க போய்ப் படுப்ப?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "இடம் பண்ணுன்னு சொன்னது உனக்குத்தான்யா. எனக்குன்னு சொன்னாத்தானே நீ ஒழுங்கா பண்ணுவ."

டெரிக் அந்தக் காலிப் பெட்டியின் மூடியைத் திறந்தார். அவள் குனிந்து பார்த்தாள். சுண்ணாம்பைத் தடவினாள், கொக்கியை இழுத்துப் பார்த்தாள்.

"இவ்ளோ பெருசாவா பண்ணின?"

இங்கேயே இருப்பதாகத்தான் வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக இங்கிருந்து தூரம் குறைவு, அத்திபெலே பஸ்ஸில் உடம்பு தாங்கவில்லை என்று காரணம் சொன்னாள். பையிலிருந்து இரண்டு நைட்டி, ஒரு புடவை, துவாலை, மருந்துப் பை, ஜெபப் புத்தகம் எடுத்தாள். எல்லாம் வைத்த பிறகும் பெட்டியில் பாதிக்கு மேல் இடம் இருந்தது. அவர் மூடியைச் சாத்தினார்.

சாயங்காலம் அவள் அந்தக் கேனைக் காட்டினாள். "எம் பக்கத்துல இன்னொருத்தி மாதிரி உக்காந்திருக்கா. எடுத்துடு."

எடுத்துக் கரையில் வைத்தார். படகு மெல்ல அவர் பக்கமாகச் சாய்ந்தது. அவள் கண்ணயர்ந்த நேரத்தில் டெரிக் சணல் கயிற்றை அவிழ்த்து நட்டைக் கருவிப் பெட்டியில் போட்டார். சாக்கட்டிக் கோட்டை ஈரத் துணியால் துடைத்தார்.

காலையில் அவள்தான் தோசை ஊற்றினாள். மாவு கல்லில் விழுந்ததும் அவர் உட்கார்ந்திருந்த பக்கமாக ஓடியது. ஓர் ஓரம் மெலிந்து சிவந்தது, மறு ஓரம் தடித்து நின்றது. கேத்தரின் அதைப் பார்த்தாள். டெரிக் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தடித்த பக்கம் வேகும் வரை காத்திருந்து, மெலிந்த ஓரத்தை அதன் மேல் மடித்து, அவர் தட்டில் வைத்தாள்.