ரொன்காலுக்கு நேர்த்தியில்லை

ஆறாவது ஏற்றத்தின் நடுவில் மூச்சு முட்டியது. அவள் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. கியரை ஒன்று குறைத்து, இருக்கையிலிருந்து எழும்பாமல், குறோருட் ரயில் நிலையத்திலிருந்து தன் வீடிருந்த அம்மருட் மாடிக்கட்டடங்களுக்கு ஏறும் வீதியை மிதித்தாள். பின்சக்கரத்தின் இரு பக்கமும் தொங்கிய பைகளில் அரிசி இருந்தது. பக்கத்துக்கு ஐந்து கிலோ, குறொன்லாண்ட் கடைத்தெருவில் வாங்கியது. பயணத்துக்கு ஏற்றப்போகும் கூடாரமும் உடுப்பும் அவ்வளவு பாரம்தான் வரும்.

பின்னால் வந்த கார் முந்தவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாக உருண்டது. கண்ணாடி இறங்கியது. கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கும் டானியல்.

"ரஞ்சனியக்கா! விடாதேங்கோ, ஏறுங்கோ. சந்தியோகுமையோர் பாத்துக்கொண்டிருக்கிறார்."

"ஆர்?"

"அதுதான், உங்கடை நேர்த்தி. அல்பேர்ட் அண்ணை எல்லாம் சொன்னவர். எங்கடை அம்மா கேட்டு அழுதிட்டா. புருசன்ரை நெஞ்சு வருத்தம் மாறினதுக்கு ஸ்பெயினிலை அந்தப் புனிதரின்ரை கல்லறை வரைக்கும் சைக்கிளிலை போறியளாம். இந்தக் காலத்திலை ஆர் செய்வினம்? நாளைக்குப் பூசை முடிய ஃபாதர் சைக்கிளை மந்திரிக்கிறாராம்." அவன் பைகளை எட்டிப் பார்த்தான். "அரிசி என்னத்துக்கு? அதுவும் காணிக்கையோ?"

"சோறாக்க" என்றாள்.

கார் போனது. ஆறு ஏற்றத்தில் முதல் தடவையாக மரியரஞ்சனி காலை நிலத்தில் ஊன்றினாள்.

அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. பிறந்தது மன்னார்த் தீவில், பேசாலையில். அங்கே ஏறுவதற்கு மணல் மேட்டைத் தவிர வேறு எதுவும் கிடையாது. நோர்வேக்கு வந்து முப்பது வருடங்கள். அதில் பத்தொன்பது வருடமாக, வீடுகளில் தனியே இருக்கும் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை. காலையில் ஒரு பட்டியல் தருவார்கள். எந்த வீடு, எத்தனை மணி, எத்தனை நிமிடம். மருந்து பத்து. குளிப்பு இருபத்தைந்து. காலுறை மாட்டுவது ஐந்து. வீட்டுக்கு வீடு போகக் காரும் தந்தார்கள், சைக்கிளும் தந்தார்கள். கார் ஓட்டும் பரீட்சையில் அவள் மூன்று முறை தோற்றவள். சைக்கிளை எடுத்தாள். முதல் மாதம் முழங்கால் வீங்கியது. இரண்டாம் வருடம் மின்சாரம் இல்லாத சைக்கிள் ஒன்றைத் தனக்கென வாங்கினாள். ஓய்வு நாட்களில் மேடு தேடிப் போகத் தொடங்கினாள்.

ரொன்கால் பள்ளத்தாக்கை அவள் நூலகத்தில் ஒரு வரைபடத்தில் கண்டாள். ஸ்பெயினின் வடக்கில், பிரான்ஸ் எல்லையோடு ஒட்டிய மலைகளுக்கிடையில், ஆற்றங்கரையில் கோத்தது போலச் சில ஊர்கள். புர்கி, ரொன்கால், இசாபா. இசாபாவுக்கு மேலே ஊர் இல்லை. வீதி மட்டும் வளைந்து வளைந்து ஆயிரத்தெழுநூறு மீற்றருக்கு ஏறுகிறது. அந்த வளைவுகளை அவள் விரலால் எண்ணினாள். பிறகு வேலைப் பட்டியல் எழுதுவது போலவே ஒரு பட்டியல் எழுதினாள். புர்கி 08.10, தண்ணீர், பத்து நிமிடம். ரொன்கால் 09.30, பாணும் பாற்கட்டியும், இருபத்தைந்து. எழுதி முடித்துவிட்டுப் பார்த்தபோது அதில் நோயாளியின் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

வீட்டில் கணவர் அல்பேர்ட் தேத்தண்ணியோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டியவர். மாரி தொடங்க நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். இப்போது நன்றாக நடக்கிறார், சமைக்கிறார். வேலைக்கு மட்டும் இன்னும் திரும்பவில்லை.

அவள் அரிசிப் பைகளை மேசையில் வைத்தாள்.

"நான் ஆருக்கு நேந்தனான்?"

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "இரும், சொல்லுறன். கோபப்படாதையும்."

"இருக்கேல்லை. சொல்லுங்கோ."

"சனம் கேக்குது ரஞ்சனி. உம்மடை மனுசி காற்சட்டையோடை குறோருட் ஏற்றத்திலை என்ன செய்யிறா எண்டு கேக்குது. தனிய ஸ்பெயினுக்குப் போறாவாம், ஆரோடையாம் எண்டு கேக்குது. நான் என்னத்தைச் சொல்ல? நேர்த்தி எண்டன். அவ்வளவுதான். ஒருத்தரும் பிறகு வாய் திறக்கேல்லை."

அது உண்மை. நேர்த்தி என்றால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். கடன்பட்டு ஊருக்குப் போனாலும், பிள்ளைக்கு மொட்டையடித்தாலும், முழங்காலால் கோயிலைச் சுற்றினாலும் நேர்த்தி என்ற ஒரு சொல் போதும். கேள்வி அந்த இடத்திலேயே செத்துவிடும்.

"உங்களை வெட்டின அண்டைக்கு நான் எங்கை நிண்டனான்?"

"வேலையிலை."

"மூண்டு பேரைக் குளிப்பாட்டினனான். ஒரு கிழவிக்கு நகம் வெட்டினனான். பிறகு வந்து உங்கடை கட்டிலடியிலை இருந்தனான். செபம் சொன்னனான், ஓம். நேரேல்லை. நேந்திருந்தா உங்களையும் கூட்டிக்கொண்டு நடந்து போயிருப்பன்."

"அப்ப இப்ப நேந்தா என்ன? போற இடம் ஒரே நாடுதானே."

"சந்தியோகுமையோர் மேற்கிலை, கடலுக்குக் கிட்ட. நான் போறது கிழக்காலை. நடுவிலை எழுநூறு கிலோமீற்றருக்கு மேலை."

"அது எங்கடை சனத்துக்குத் தெரியவே போகுது?"

"எனக்குத் தெரியும்."

அல்பேர்ட் தேத்தண்ணிக் கோப்பையைச் சுழற்றினார். "நாளைக்கு மட்டும் பேசாமல் நில்லும். ஃபாதர் தண்ணி தெளிப்பார். நீர் போம். எங்கையும் போம், நான் கேக்கேல்லை. என்ரை மானத்தை மட்டும் இஞ்சை விட்டிட்டுப் போம்."

அவள் அரிசியை வாளிக்குள் கொட்டினாள். பேசாமல் நின்றால் காரியம் சுகம்தான். ஆனால் திரும்பி வந்து என்ன கண்டேன் என்று சொல்லமுடியாது. கல்லறையைப் பற்றிக் கேட்பார்கள். மெழுகுதிரி கொளுத்தினாயா என்பார்கள். மலையைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குச் சைக்கிளிலேயே போனாள். பூசை முடிந்து வெளியே வந்தபோது அது வேறொரு சைக்கிளாக இருந்தது. கைபிடியில் குதிரையேறிய சந்தியோகுமையோரின் படம் போட்ட கொடி. முன்கூடையில் மன்றாட்டுக் கடிதங்கள், குறைந்தது முப்பது இருக்கும். மகளின் கலியாணம், மருமகனின் குடி, முழங்கால், சொந்த வீடு. யாரோ கார் ஓட்டும் பரீட்சைக்கும் எழுதியிருந்தார்கள். பேர்கன் நகரிலிருந்து வந்த ஒன்றை டானியல் போனிலிருந்து அச்செடுத்து வந்திருந்தான்.

ஃபாதர் மந்திரித்த தண்ணீரோடு வந்தார். சனம் வட்டமாக நின்றது. அல்பேர்ட் அவளுக்குப் பின்னால், கழுத்துப்பட்டியோடு.

"ஃபாதர், ஒரு நிமிசம்" என்றாள் ரஞ்சனி. "நான் நேர்த்திக்குப் போகேல்லை."

குரல் தேவைக்கு மேல் உரத்து வந்தது. யாரோ சிரித்தார்கள், பகிடி என்று நினைத்து.

"நான் அந்தக் கல்லறைக்குப் போகேல்லை. ஒரு பள்ளத்தாக்குக்குப் போறன். அங்கை மலை இருக்கு. ஏறிப் பாக்கப் போறன்."

"அப்ப அல்பேர்ட் அண்ணை சொன்னது?" டானியலின் தாய்.

"அவர் பிழையா விளங்கிப்போட்டார்." அந்த ஒரு பொய்யை மட்டும் அவள் அல்பேர்ட்டுக்குக் கொடுத்தாள்.

"சுகமில்லாத மனுசனை விட்டிட்டு உல்லாசமோ?" கூட்டத்தில் ஒரு குரல்.

"அவர் நேற்றுக் கணவாய்க் கறி வைச்சவர். நல்ல சுகம்."

"ஆருக்காகப் போறாய் பின்னை?"

"ஒருத்தருக்காகவும் இல்லை."

வட்டத்தில் சத்தம் எழுந்தது. ஃபாதர் கையை உயர்த்தினார். மன்னாரைச் சேர்ந்த இளம் குரு, மெதுவாகக் கதைப்பவர். "அக்கா, போற வழியை ஒரு செபமா நினைச்சுக்கொண்டு போகலாமே?"

"நினைக்கலாம் ஃபாதர். நான் நினைக்கேல்லை."

அவள் கொடியை அவிழ்த்து டானியலிடம் கொடுத்தாள். பிறகு கூடையிலிருந்து கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைக் கூப்பிட்டாள். சிலர் வந்து பறித்துக்கொண்டு போனார்கள். சிலர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வாங்கினார்கள். ஒருத்தி, "பெருமை பிடிச்சவள்" என்றாள், கேட்கும்படியாகவே.

கடைசிக் கடிதம் பிலோமினாவுடையது. உள்ளே அவளின் மகனின் படம் இருந்தது. இறுதி யுத்தத்தில், மாத்தளனில் காணாமல் போனவன். பிலோமினா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் வாங்கமாட்டன். நீ போற வழியிலை ஒரு கோயில்கூடவோ இல்லை?"

"ஊருக்கு ஒண்டு இருக்கும் அக்கா."

"பின்னை? ஒண்டிலை வை. உனக்கென்ன பாரமே?"

சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். கடிதத்தின் பாரம் ஒன்றுமில்லை.

"மழை வந்தா மட்டும்தான் நான் கோயிலுக்குள்ளை போவன் அக்கா. உங்கடை பிள்ளையின்ரை பேரை மழைக்கு ஒதுங்கிற ஆளிட்டைக் குடுக்காதேங்கோ. இப்ப வாங்கோ, உள்ளை போய் ரெண்டு பேரும் இருந்து சொல்லுவம். எவ்வளவு நேரமெண்டாலும் இருக்கிறன். கொண்டுபோறன் எண்டு பொய் சொல்லமாட்டன்."

பிலோமினா கடிதத்தை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். உள்ளே வரவில்லை. பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள். ரஞ்சனி கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை.

சனம் கலைந்தது. ஃபாதர் தண்ணீர்ப் பாத்திரத்தோடு நின்றார்.

"சைக்கிளை மந்திரிக்கலாம்தானே அக்கா? புதுக்கார் வாங்கினாலும் மந்திரிக்கிறம்."

"அது சரி ஃபாதர். தெளியுங்கோ."

தெளித்தார். அல்பேர்ட் காரில் ஏறிப் போய்விட்டிருந்தார். அவள் அம்மருட் வரை மிதித்தாள்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு அல்பேர்ட் சைக்கிள் பெட்டியைக் காரில் ஏற்றினார். விமான நிலையத்தில் இறக்கி வைத்தார். "போன் எடும்" என்றார். பெட்டி இருபத்திரண்டு கிலோ இருந்தது. பிராங்க்பேர்ட்டில் இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். பில்பாவோவில் மழை. பஸ்ஸில் பாம்பலோனாவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. அங்கே பஸ் நிலையம் நிலத்துக்குக் கீழே இருந்தது. அவள் பெட்டியைப் பிரித்து, ஒரு தூணருகில் வைத்து சைக்கிளின் பாகங்களைப் பொருத்தினாள். முன் பிரேக் உரசியது, சரிப்படுத்தினாள். விடுதியில் இருந்தவன் சந்தியோகுமையோரின் கல்லறைக்கு நடக்கும் யாத்திரைக்காரரின் அட்டைகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தான். அவளிடமும் அட்டை கேட்டான். இல்லை என்றாள். மூன்றாம் மாடியில் கட்டில் கொடுத்தான். சைக்கிளைக் கீழே பூட்டினாள். முட்டையும் பாணும் சாப்பிட்டாள். அல்பேர்ட்டுக்குப் போன் எடுத்தாள். வந்து சேர்ந்துவிட்டேன் என்றாள். அங்கே மழையா என்று கேட்டார். நின்றுவிட்டது என்றாள். நாளை பள்ளத்தாக்கின் வாய்வரை மிதித்து அங்கே கூடாரம் அடிக்கவேண்டும். காலை ஐந்து நாற்பதுக்கு எழும்பினால் போதும்.