பிந்தி வரும் ரயிலின் சாரதி

பிள்ளைகளே, அம்மா அநுராதபுரம் ஆசுபத்திரியில் இருந்தபோது, அவரைப் பார்த்துவிட்டு நான் வன்னியில் எங்கள் விசுவமடுவுக்கு வந்து சேராத இரவுகளில் நீங்கள் பக்கத்து வீட்டில் அழுதழுது தூங்கினீர்கள். அதற்குக் காரணம் நான் திரும்பி வரும் ஒரு கிழட்டு டீசல் ரயில். வழியில் சூடேறி நின்றுவிடும். அது கடைசி நிலையமான வவுனியாவுக்குப் பிந்தி வந்தால் இராணுவத்தின் ஓமந்தைச் சோதனைச்சாவடி மூடிவிடும். பிறகு விடியும்வரை வன்னிக்குள் போக முடியாது. அதனால் ரயில் வவுனியாவில் நின்றதும் வன்னிச் சனமெல்லாம் மூட்டைகளோடு ஓமந்தை பஸ்ஸுக்கு ஓடும்.

அந்த ரயிலின் சாரதிக்கு எண்ணெய் படிந்த சட்டை, தூக்கம் காணாத சிவந்த கண்கள். ரயிலை நிறுத்தியதும் கீழே இறங்கி, கைகளைக் கட்டிக்கொண்டு, கடைசி ஆள் ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார்.

ஒருநாள் கோபத்தில் கேட்டுவிட்டேன். "என்ன அண்ணை, நாங்கள் ஓடுறது உங்களுக்குப் படம் பாக்கிற மாதிரியோ?"

அவர் கோபிக்கவில்லை. "இந்த இஞ்சின் இண்டைக்கு வந்து சேர்ந்ததே பெரிய காரியம் தம்பி. உங்களை ஓட வைக்கிறது நான்தானே? அதைப் பாக்காமல் உள்ளுக்கை இருக்க மனம் வரேல்லை. சரி, என்னோடை கதைச்சுக்கொண்டு நிண்டால் பஸ் போயிடும். ஓடும்!"

ஓடினேன்.

சில கிழமைகளுக்குப் பிறகு ஒருநாள் ரயில் நேரத்துக்கே வந்தது. அப்படியிருந்தும் சனம் பழக்கத்தில் ஓடியது. என் கால்களும் ஓடத்தான் பார்த்தன. ஆனாலும் சாரதி பார்த்துக்கொண்டு நின்ற இடத்தைக் கடக்கும்வரை நான் மட்டும் ஓடாமல் ஆறுதலாக நடந்து போனேன்.