எந்த ஊர் ராகு காலம்

சாமி விஷயமாயிற்றே என்று இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன்.

மெட்ராஸுக்குக் கிழக்கே கடல் நடுவில் எங்கள் தீவு. அதில் படகுத்துறைக்கு அக்கரையான பாம்பூஃப்ளாட்டில், மாப்பிள்ளை வீட்டில் என் மகளுக்குத் திங்கட்கிழமை கல்யாணம். மெட்ராஸ் பஞ்சாங்கப்படி ராகு காலம் ஏழரைக்கு. அதனால் ஏழு மணிக்குத் தாலி. முதல் நாள் நானும் மனைவியும் மகளும் படகில் அக்கரை போகும்போது அந்தக் கேள்வி வந்தது. மெயின்லேண்டில் ஆறு மணிக்கு வரும் சூரியன் இங்கே ஐந்துக்கே வந்துவிடுகிறது. ராகு காலமும் ஒரு மணி முன்னால், ஆறரைக்கே வந்துவிடாதா? ஏழு மணித் தாலி அதற்குள் விழுமே?

மனைவியிடம் சொன்னேன்.

"ராகு என்ன மெட்ராஸ் கப்பல்லயா வர்றான்? சும்மா வாங்க" என்றாள்.

சம்பந்தியிடம் கேட்டேன்.

"அரே சம்பந்தி, ஆறு மணிக்கே கட்டிடலாம். ஆனா உங்க ஜனம் முதல் படகுலதானே வரணும்? அது ஆறுக்கு அப்புறந்தானே கரை சேரும்?"

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆறு மணிக்கே தாலி கட்டியாயிற்று. பிறகு படகிறங்கி வந்த என் அக்கா, "சாப்பிட மட்டுந்தான் கூப்பிட்டியாடா?" என்று அழுதாள்.

மகள் நன்றாக இருக்கிறாள். அக்காவின் அழுகைதான் ஆறவில்லை. மெட்ராஸ் கணக்கே சரியாக இருந்திருந்தால்? அவளை வீணாக அழவைத்திருக்கிறேனே. இன்றும் சாமி கும்பிடும்போது இதுதான் குறுக்கே வருகிறது.

இதை யாரிடமாவது சொன்னால் நடந்தபடியே சொல்லுங்கள். நான் ராகுவை ஏமாற்றினேன் என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.