நானூற்றுப் பன்னிரண்டு கட்டைவிரல்கள்

வகுப்பில் எல்லோருக்கும் அவள் டைப்பிஸ்ட் அக்கா. நாற்பத்து மூன்று வயதில், மகளைவிட நாலைந்து வயதே மூத்த பிள்ளைகளோடு முதுகலை படிக்க வந்தவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? அதற்கு முன் பதினெட்டு வருடம் கோர்ட்டு வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் மனு அடித்துக் கொடுத்தவள். பழைய காகிதங்களைக் கணினியில் ஏற்றி வரலாறும் இலக்கியமும் ஆராய்கிற படிப்பு என்று கேள்விப்பட்டதும், நம்ம தொழில்தானே என்று சேர்ந்துவிட்டாள்.

"நான் பரீட்சைக்குப் படிக்கிறப்ப நீயும் படிச்சா சமையல யாரும்மா பாக்குறது?" என்று மகள் கேட்டாள்.

"உங்கப்பாவுக்கும் ரெண்டு கை இருக்குல்ல?"

பஸ் ஓட்டுகிற அந்த இரண்டு கைகளும் இரண்டு வருடமாகக் குழம்பைக் கருக்கிக்கொண்டிருந்தன. பட்டம் வாங்க இன்னும் ஆய்வேடு ஒன்றுதான் பாக்கி.

துறைத்தலைவர் அவளுக்குக் கொடுத்த வேலை, எண்பது வருடத்துக்கு முந்தைய நானூற்றுப் பன்னிரண்டு மனுக்கள். தண்ணீர் வரவில்லை, கூலி தரவில்லை, புருஷன் ஆலையில் செத்துப்போனான் என்று நகராட்சிக்கு எழுதியவை. வெளியிலிருந்து ஒரு கம்பெனி வந்து படமெடுத்துக் கொடுத்திருந்தது. அந்தப் படங்களில் உள்ள கறைகளை நீக்கி, எழுத்தைக் கணினி படிக்கும்படி செய்யவேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அவள் அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது நானூற்றுப் பன்னிரண்டும் துடைத்துவைத்த தட்டுபோலப் பளிச்சென்றிருந்தன.

துறைத்தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லா மனுவின் அடியிலும் ஒரே கையெழுத்து! ஒரே ஆள் விதவையாக, சுமைகூலியாக, கர்ப்பிணியாக மாறி மாறி எழுதியிருக்கிறான். யாருக்கும் தெரியாத மாபெரும் எழுத்தாளன்! கட்டுரை தயாரானது, கண்காட்சிக்குத் தேதி குறித்தாயிற்று. ஆளுயரப் போஸ்டரில் அவன் பெயர் கொட்டை எழுத்தில் மின்னியது.

போஸ்டரைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அடித்த மனுக்களின் அடியிலும்தான் அவள் பெயர் இருக்கும். அதற்காகப் பதினெட்டு வருடத்துக் கண்ணீரும் அவளுடையதாகிவிடுமா? எழுதத் தெரியாமல் அவனிடம் சொல்லி எழுதவைத்தவர்கள் எங்கே?

ஓடிப்போய், துடைப்பதற்கு முந்தைய படங்களைத் திறந்தாள். ஒவ்வொரு தாளின் இடது மூலையிலும் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. அதைச் சுற்றிப் பொடி எழுத்தில், இது இன்னாருடைய ரேகை என்று பெயர். பெயர் இருந்தது அங்கே மட்டும்தான். ரேகையைக் கறை என்று நினைத்த கணினி, பெயரையும் சேர்த்துத் துடைத்திருந்தது. எத்தனை ஆயிரம் பேரின் விரலைப் பிடித்து மையில் தோய்த்தவள் அவள்! அவளே அழுத்தியிருக்கிறாள் அந்தப் பொத்தானை. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளவேண்டும் போலிருந்தது. அதைவிட ஆத்திரம், ஒரு தாளைக்கூடக் கையால் தொட்டுப் பார்க்காமல் கட்டுரை எழுதிய மனிதர்மேல்.

துறைத்தலைவர் படங்களைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"கட்டுரை அச்சுக்குப் போயிடுச்சும்மா. வெள்ளிக்கிழமை கண்காட்சிக்குத் துணைவேந்தர் வர்றார். இத ஒரு அடிக்குறிப்பாப் போட்டுக்கலாம்."

"நானூறு பேர் அடிக்குறிப்புல எப்படி சார் உக்காருவாங்க?"

"கோபப்படாதீங்க. கட்டுரைல என் பேருக்கு அடுத்து உங்க பேரையும் போடறேன். இந்த வயசுல இதெல்லாம் லேசுல கிடைக்காதும்மா."

அவளுக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. "புருஷன் ஆலையில செத்து, பிள்ளைங்களோட நடுத்தெருவுல நின்னு, விரல வச்சவ சார் அவ. அவ கஷ்டத்த எவனோ உக்காந்து கற்பனை பண்ணான்னு போஸ்டர் அடிச்சிருக்கீங்க. வெக்கமா இல்ல?"

"யார்கிட்டப் பேசறோம்னு பாத்துப் பேசுங்க! ஆய்வேட்டுல நான் கையெழுத்துப் போடலன்னா உங்களுக்குப் பட்டம் கிடையாது. பட்டியல்ல உங்க பேரே இருக்காது, தெரியுமா?"

இரண்டு வருடக் கருகல் குழம்பு ஒரு கணம் அவள் நினைவுக்கு வந்தது. எழுந்துகொண்டாள்.

"கறைன்னு நினைச்சுத் தொடைச்சிடுங்க சார். உங்களுக்குத்தான் பழக்கமாச்சே."

கதவை அறைந்து சாத்திவிட்டு நேரே கணினி அறைக்கு வந்தாள். முதல் படத்தைத் திறந்தாள். கறையை நீக்கவா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்று அழுத்தி, ரேகையைச் சுற்றியிருந்த பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்து, மனுதாரர் என்ற கட்டத்தில் அடித்தாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.